பெயரும் பெறுமதியும்: வரைகலை அட்டையை மதிப்பிடும் முறை

தேயிலையின் பெறுமதி, பெட்டியின் மேல் எழுதப்பட்ட தரப்பெயரால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. பீ.ஓ.பீ., பீ.ஓ.பீ.எஃப்., டஸ்ற் முதலாக வழங்கும் பெயர்கள் இலைத்துணுக்கின் பருமனையும் தோற்றத்தையும் குறிப்பனவேயன்றிச் சாயத்தின் சுவையைக் குறிப்பனவல்ல. ஆதலின் ஒரே தரப்பெயர் தாங்கிய இரு தோட்டங்களின் தேயிலை, 1883 ஆம் ஆண்டிலே தொடங்கிய கொழும்பு ஏலத்தில், வெவ்வேறு விலைக்குப் போவதுண்டு. ஏலத்துக்கு முன்னர் தேயிலைச் சுவைஞர் ஒவ்வொரு மாதிரியையும் கொதிநீரிலிட்டு, நிறமும் மணமும் நோக்கி, வாயிலிட்டுச் சுவைத்த பின்னரே அதற்கு ஒரு மதிப்பை இடுகின்றனர். அட்டன், டிக்கோயா, நுவரெலியாப் பகுதிகளில் வாழ்வோருக்கு இது புதிய செய்தியன்று.

இவ்வறிவு, தேயிலையோடு எவ்விதத் தொடர்புமில்லாத மற்றொரு பண்டத்தை வாங்கும்போதும் துணைநிற்கும். கணினியில் விளையாட விரும்பும் இளைஞர் நாடும் வரைகலை அட்டையே அப்பண்டமாகும். ‘கிராபிக்ஸ் கார்ட்’ எனக் கடைகளில் வழங்கும் இவ்வட்டையின் மிகக் குறைந்த வகையை வாங்குவதற்கும் ஒரு தோட்டக் குடும்பம் பல நாள் உழைப்பைச் செலவிட வேண்டியுள்ளது. அத்தகைய பொருளைப் பெட்டியின் மேலுள்ள பெயரையும் எண்ணையும் மட்டும் கண்டு வாங்குதல், தேயிலையைச் சுவையாது ஏலங்கேட்டலை ஒக்கும். எனவே அதன் உண்மைப் பெறுமதியை அளந்தறியும் முறை யாதென ஆராய்தல் பயனுடைத்து.

முதற்கண் இவ்வட்டை செய்யும் தொழிலை அறிதல் வேண்டும். இன்று பெருவழக்கிலுள்ள கணினித்திரை, அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் கொண்டது. அஃதாவது ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. விளையாட்டில் அசைவு சீராகத் தோன்றுவதற்கு விநாடிக்கு 60 படங்களேனும் வேண்டுமென்பர். இப்படம் ஒவ்வொன்றும் ‘பிரேம்’ எனப்படும். ஆகவே விநாடியொன்றில் பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தைக் கணித்தாக வேண்டும். ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரமோ விநாடியின் அறுபதில் ஒரு பங்கேயாம்.

கணினியின் மையச் செயலி அறிவிற் சிறந்த கணக்கப்பிள்ளையைப் போன்றது. சிக்கலான பல அலுவல்களை ஒழுங்குபடுத்த வல்லது, ஆனால் தொகையிற் சிறியது. வரைகலைச் செயலியோ, மலைச்சரிவு முழுவதிலும் நிரை நிரையாக நின்று ஒரே நேரத்தில் கொழுந்து பறிக்கும் தொழிலாளர் கூட்டத்தைப் போன்றது. 2019 ஏப்ரலில் வெளிவந்த என்விடியா நிறுவனத்தின் ஜீ.டீ.எக்ஸ். 1650 என்னும் எளிய அட்டையிலேயே இத்தகைய சிறு கணிப்பகங்கள் 896 உள்ளன. எனினும் கூட்டம் பெரிதாயிருத்தல் மட்டும் போதாது. பறித்த கொழுந்தைத் தொழிற்சாலைக்கு ஏற்றிச்செல்லும் லொறி சிறிதாயின் வேலை நிறைக்குமிடத்திலேயே தேங்கிவிடும். அட்டையின் நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையே விநாடிக்கு எவ்வளவு தரவு செல்லும் என்னும் அளவே அந்த லொறியாகும். இதனை நினைவக அகலம் எனக் கொள்ளலாம்.

பெயர் மயக்கம் தொடங்குவது இவ்விடத்திலேதான். 2017 மே மாதத்தில் ஜீ.டீ. 1030 என்னும் அட்டை வெளிவந்தது. அதன் நினைவகம் விநாடிக்கு ஏறத்தாழ 48 ஜிகாபைட் தரவைக் கடத்தியது. 2018 ஆம் ஆண்டில் அதே பெயருடன் மற்றோர் அட்டை விற்பனைக்கு வந்தது. அதில் மெதுவான டீ.டீ.ஆர். 4 வகை நினைவகம் பொருத்தப்பட்டிருந்தமையின், கடத்தும் அளவு ஏறத்தாழ 17 ஜிகாபைட்டாகக் குன்றியது. பெயர் ஒன்று, லொறியோ மூன்றிலொரு பங்கு. விளையாட்டிலும் அவ்வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. பெயரை மட்டும் கேட்டு வாங்கியவர் தாம் பெற்றது இவற்றுள் எதுவென வீட்டுக்குச் சென்ற பின்னரே உணர்ந்திருப்பர்.

ஆர்.டீ.எக்ஸ். 3050 என்னும் பெயரின் வரலாறும் இத்தகையதே. 2022 ஜனவரியில் 249 டொலர் விலைக்கு வந்த அட்டை 8 ஜிகாபைட் நினைவகமும், 2,560 கணிப்பகங்களும், விநாடிக்கு 224 ஜிகாபைட் கடத்தும் ஆற்றலும் உடையது. 2024 பெப்ரவரியில் 169 டொலருக்கு அதே பெயரில் வந்த அட்டை 6 ஜிகாபைட் நினைவகமும், 2,304 கணிப்பகங்களும், 168 ஜிகாபைட் கடத்தும் ஆற்றலுமே உடையது. பின்னையது தாழ்ந்ததாயினும் குற்றமுடையதெனல் பொருந்தாது. முன்னையது 130 வாட் மின்சாரத்தை வேண்ட, பின்னையது 70 வாட்டுடன் அமைகின்றது. இவ்வொரு குணத்தால் அதுவே சிலருக்கு மிகப் பொருத்தமான அட்டையாகின்றது. ஆகவே வினவவேண்டியது ‘எந்தப் பெயர்?’ என்பதன்று, ‘எவ்வளவு நினைவகம், எவ்வகை நினைவகம், எவ்வளவு மின்சாரம்?’ என்பனவே.

இனி, அட்டை தனித்து இயங்கும் பொருளன்று. அது பொருந்தும் கணினியைக் கொண்டே அதன் பெறுமதி அமையும். தோட்டப்புற மாணாக்கன் ஒருவன், அலுவலகமொன்றில் பாவித்துக் கழிக்கப்பட்ட கணினியொன்றை வைத்திருப்பதாகக் கொள்க. 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020 இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அதன் சிறிய உருவிலான வகையில் மின்வழங்கி 255 வாட் அளவினது. அட்டைக்குத் தனி மின்கம்பி கிடையாது. பாதி உயரமுள்ள அட்டையே உள்ளே அமரும். தாய்ப்பலகையிலுள்ள பொருத்துவாய் வழியாகக் கிடைப்பது உச்ச அளவில் 75 வாட் மின்சாரமாகும். 130 வாட் வேண்டும் அட்டையை இக்கணினிக்காக வாங்கியவன், பின்னர் மின்வழங்கியும் கூடும் புதிதாகத் தேடி அலைய நேரும். 70 வாட் அட்டையாயின், அதன் குறு உருவ வகையைத் தேர்ந்தால், வேறு செலவின்றிப் பொருத்தலாம்.

பொருத்துவாயின் தலைமுறையும் கவனிக்கத்தக்கது. ஏ.எம்.டி. நிறுவனம் 2022 ஜனவரியில் 199 டொலர் விலை குறித்து வெளியிட்ட ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டீ. என்னும் அட்டை, தாய்ப்பலகையுடன் நான்கே தடங்களால் இணைகின்றது. நான்காந் தலைமுறைப் பொருத்துவாயில் அந்நான்கு தடங்கள் விநாடிக்கு ஏறத்தாழ 8 ஜிகாபைட் தரவைக் கடத்தும். பழைய கணினிகளிலுள்ள மூன்றாந் தலைமுறை வாயில் அது பாதியாகும். அட்டையின் 4 ஜிகாபைட் நினைவகம் நிரம்பாதவரை இக்குறை பெரிதாகத் தோன்றாது. நிரம்பியபின் மிகுதித் தரவை இவ்வொடுங்கிய வழியாகவே கணினியிலிருந்து எடுக்க வேண்டியிருத்தலின், விளையாட்டு தடைப்பட்டுத் தடைப்பட்டு ஓடும். புதிய கணினியில் செய்யப்பட்ட பரிசோதனையின் முடிவை நம்பிப் பழைய கணினிக்கு இதனை வாங்குவோர் ஏமாற்றமடைவது இதனாலேயே. மேலும், மையச் செயலி பழையதும் மெதுவானதுமாயின், எவ்வளவு சிறந்த அட்டையும் அதன் கட்டளைக்குக் காத்திருக்க வேண்டியதே. கணக்கப்பிள்ளை நிரை காட்டும்வரை தொழிலாளர் நின்றுகொண்டிருப்பது போன்ற நிலை இது.

இவ்வாறு பொருத்தம் கண்டபின் பயனை அளத்தல் வேண்டும். அதற்குரிய அளவுகோல் விநாடிக்குக் கிடைக்கும் பிரேம்களின் தொகை. ஆனால் சராசரி ஒன்றை மட்டும் நோக்குதல் தவறு. சராசரி 70 பிரேமாயிருந்தும், இடையிடையே 15 பிரேமாக வீழும் அட்டை, சராசரி 55 பிரேமாயிருந்து 45 பிரேமுக்குக் கீழ் இறங்காத அட்டையிலும் தாழ்ந்ததாகவே கையாள்பவனுக்குப் படும். ஆகவே ஆய்வாளர் மிக மெதுவான நூற்றிலொரு பங்குப் பிரேம்களின் வேகத்தைத் தனியாகக் குறிப்பிடுவர். சராசரியுடன் இதனையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

பின்னர் விலையை அத்தொகையால் வகுத்துப் பார்க்கலாம். விளக்கத்தின் பொருட்டு, 40,000 ரூபா விலையுள்ள அட்டையொன்று 50 பிரேம் தருவதாகவும், 60,000 ரூபா விலையுள்ள வேறொன்று 80 பிரேம் தருவதாகவும் கொள்க. முதலாவதில் ஒரு பிரேமுக்கு 800 ரூபா. இரண்டாவதில் 750 ரூபா. எனவே விலை கூடியதே மலிவானதென்னும் முடிவு பெறப்படும். ஆனால் இரண்டாவதற்கு 15,000 ரூபாவில் புதிய மின்வழங்கி வேண்டுமாயின் மொத்தச் செலவு 75,000 ரூபாவாகும்; ஒரு பிரேமுக்கு 937 ரூபா 50 சதம் விழும். அன்றியும், அம்மாணாக்கனுடைய திரை விநாடிக்கு 60 முறையே படம் மாற்ற வல்லதாயின், அறுபதுக்கு மேற்பட்ட பிரேம்களுள் பெரும்பாலானவற்றை அவன் கண் காணப்போவதில்லை. ஆகவே கடைக்காரர் கூறும் கணக்கும் வாங்குபவன் செய்யவேண்டிய கணக்கும் ஒன்றல்ல. வாங்குபவன் தன் கணினி, தன் திரை, தான் விளையாடும் விளையாட்டு ஆகிய மூன்றையும் வைத்தே வகுத்தல் வேண்டும்.

விலையை ரூபாவில் மட்டும் நோக்குதலும் முழுமையான நோக்காகாது. தோட்டக் கணக்கில் ஒரு நாள் வேலை ஒரு ‘பேர்’ எனப்படும். குறித்த நிறைக் கொழுந்து பறிக்காதவருக்கு ‘அரைப்பேர்’ விழுவதுமுண்டு. அட்டையின் விலையை இப்பேர்க்கணக்கில் மாற்றிப் பார்த்தல் பல உண்மைகளை உணர்த்தும். ஜீ.டீ.எக்ஸ். 1650 வெளிவந்த 2019 ஏப்ரலில் அதன் விலை 149 டொலர். அக்காலத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 175 ரூபா. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. டொலர் விலையை மட்டும் ரூபாவாக்கின் 26,075 ரூபா. அஃதாவது 37 நாள் உழைப்பு. 2022 மே மாதத்தில், பொருளாதார நெருக்கடியினால் டொலர் ஏறத்தாழ 360 ரூபாவைத் தொட்டது. 2021 மார்ச் முதல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாகியிருந்தும், அதே 149 டொலர் 53 நாளுக்கு மேற்பட்ட உழைப்புக்குச் சமமாயிற்று. 2024 செப்டம்பரில் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது டொலர் ஏறத்தாழ 300 ரூபாவாயிருந்தது. அப்போது 169 டொலர் விலையுள்ள 6 ஜிகாபைட் ஆர்.டீ.எக்ஸ். 3050 அட்டைக்கு 50,700 ரூபா. மீண்டும் 37 நாளுக்குச் சற்று மேற்பட்ட உழைப்பே.

இக்கணக்கு இரு செய்திகளை உணர்த்துகின்றது. ஐந்தாண்டுகளில் நாட்சம்பளத்தின் எண் ஏறத்தாழ இருமடங்காகியும், இறக்குமதிப் பண்டமொன்றை வாங்கும் வலிமை கூடவில்லை என்பது ஒன்று. அதே 37 நாள் உழைப்புக்கு முன்னையதிலும் சிறந்த அட்டை கிடைக்கின்றது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆயின் இக்கணக்கில் கடைக்காரரின் இலாபமும் கப்பற் செலவும் சேர்க்கப்படவில்லை. 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நூற்றுக்குப் பதினெட்டு வீதப் பெறுமதிசேர் வரியை மட்டும் கூட்டினாலும் 50,700 ரூபா 59,826 ரூபாவாகி, 44 நாள் உழைப்பைத் தாண்டிவிடும். சம்பளத்திலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு வீதம் கழிக்கப்படுவதையும், சோறும் மருந்தும் பாடசாலைச் செலவும் மிகுதியிலிருந்தே செல்லவேண்டுமென்பதையும் நினைத்தால், ஒரு தாய் கூடையைச் சுமந்து மலையேறிய நாட்களுள் எத்தனை இவ்வட்டைக்குள் அடங்கியிருக்கின்றன என்பது விளங்கும்.

இச்சுமையைக் குறைக்கக் கருதிப் பலர் பாவித்த அட்டைகளை நாடுவர். இஃது அறிவுடைய வழியே. ஆயினும் விழிப்பு வேண்டும். 2022 செப்டம்பரில் எதீரியம் என்னும் மின்நாணயம் தன் முறையை மாற்றியதும், அதனை ஈட்டுவதற்காக இரவுபகலாக ஓடிய அட்டைகள் பெருந்தொகையாகச் சந்தைக்கு வந்தன. அவை யாவும் பழுதானவையல்ல. எனினும் அவற்றின் விசிறியும் நினைவகமும் தேய்ந்திருத்தல் கூடும். பழைய அட்டையொன்றின் உட்பெயரை மாற்றிப் புதியதென விற்கும் போலிகளும் உள. ஜீ.பீ.யூ.-ஸெட் என்னும் இலவசச் செயலி, 2018 தொடக்கம், இத்தகைய போலிகள் பலவற்றைக் காட்டிக்கொடுக்கின்றது. விற்பவர் முன்னிலையில் அட்டையைக் கணினியிற் பொருத்தி, அரைமணி நேரமேனும் கடுமையான விளையாட்டொன்றை ஓட்டி, வெப்பநிலையையும் திரையில் தோன்றும் குறைகளையும் கவனித்த பின்னரே பணங் கொடுத்தல் தகும். சுவைஞர் சாயத்தைச் சுவைப்பதற்கு இதுவே நிகர்.

அட்டையின் எஞ்சிய ஆயுளையும் எண்ணுதல் வேண்டும். 2016 ஆம் ஆண்டின் ஜீ.டீ.எக்ஸ். 1050 டீ.ஐ., மேலே கூறிய ஜீ.டீ. 1030 ஆகியவை அடங்கிய தலைமுறைக்கு, புதிய விளையாட்டுகளுக்கான இயக்கி மென்பொருளை வெளியிடுவதை என்விடியா நிறுவனம் 2025 ஒக்டோபருடன் நிறுத்தியது. அதன்பின் அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே உரியன. பழைய விளையாட்டுகளையே ஆடுபவனுக்கு இதனால் பெருங்கேடில்லை; புதியவற்றை விரும்புபவனோ இன்று மலிவாகக் கிடைப்பதை விரைவில் மீண்டும் மாற்ற நேரும்.

மலைநாட்டின் இயற்கையும் ஈண்டு கருதத்தக்கது. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் அமைந்த நுவரெலியாவின் குளிர், அட்டையின் வெப்பத்தைத் தணிக்க உதவும். ஆனால் தென்மேல் பருவக்காற்றுக் காலத்து ஈரம், நெடுநாள் இயக்காது வைத்த கருவிகளில் துருவையும் பூஞ்சணத்தையும் தோற்றுவிக்கும். மின்னலும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வும் அதனினும் கொடியன. ஆதலின் மின்னழுத்த நிலைப்படுத்தி ஒன்றின் விலையையும் அட்டையின் விலையோடு சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும். இடிமுழங்கும் மாலையில் செருகியைக் கழற்றிவைத்தல் செலவில்லாத காவலாகும்.

இத்தனையும் ஆராய்ந்தபின், அட்டையே வேண்டாமென்னும் முடிவும் சிலவேளை சரியானதாகும். 2021 இல் வெளிவந்த ரைசன் 5 5600ஜீ போன்ற செயலிகளில் வரைகலைப் பகுதி உள்ளேயே அமைந்துள்ளது. வலோரன்ற், டோற்றா 2 போன்ற எளிய தேவையுடைய விளையாட்டுகளுக்கு, படத்தின் நேர்த்தியைச் சற்றுக் குறைத்தால், அது போதுமானது. அத்தகைய கணினியில் ஒரே நினைவகத் துண்டு இருப்பின், இணையான இன்னொன்றைச் சேர்த்த மாத்திரத்தில் வேகம் கூடுவதைக் காணலாம். செலவும் அட்டையினுடையதிலும் குறைவு.

மறுபுறம், விளையாட்டுக்கென வாங்குவது வீண்செலவே என்று பெரியோர் முற்றாக ஒதுக்குதலும் நேர்மையான மதிப்பீடன்று. ஓய்வு நேரத்து மகிழ்ச்சிக்கும் பெறுமதி உண்டு. லயத்து ஒற்றை அறையில் வளரும் பிள்ளைக்கு அது சிறிதன்று. அன்றியும், அதே அட்டை நிழற்பட ஓட்டங்களைத் தொகுப்பதற்கும், முப்பரிமாண உருவங்களை ஆக்குவதற்கும், வரைகலைத் தொழில் பயில்வதற்கும் உதவும். ஆனால் எல்லா அட்டைகளும் இதற்கு ஒத்தனவல்ல. ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டீ., ஜீ.டீ. 1030 ஆகியவற்றில் நிகழ்படத்தைச் சுருக்கிப் பதிவுசெய்யும் தனிப்பகுதி கிடையாது; ஜீ.டீ.எக்ஸ். 1650, ஆர்.டீ.எக்ஸ். 3050 ஆகியவற்றில் உண்டு. விளையாட்டோடு தொழிலும் கருதுபவன் இவ்வேறுபாட்டை முதலிலேயே உசாவுதல் வேண்டும். இவ்வாறு இரு பயன் தரும் அட்டையின் விலையை ஒரு பயனின் மேல் மட்டும் ஏற்றுதல் முறையன்று.

ஆகவே வாங்குமுன் வீட்டில் அமர்ந்து எழுதிப் பார்க்க வேண்டியவை சிலவே. ஆடப்போகும் விளையாட்டுகள் யாவை, கணினி தாங்கும் மின்சாரமும் இடமும் எவ்வளவு, நினைவகத்தின் அளவும் வகையும் என்ன, உடன்வரும் பிற செலவுகள் யாவை, மொத்தம் எத்தனை பேருக்குச் சமம், அவ்வுழைப்புக்கு வேறு எது கிடைக்கக்கூடும் என்பனவே அவை. இவற்றுக்கு விடை எழுதிய தாளைப் பெற்றோரிடம் காட்ட முடியுமாயின், அட்டையை வாங்குவதோ விடுவதோ அக்குடும்பம் அறிந்து செய்த முடிவாகும்.

மலையகத்தார் பறித்த கொழுந்தின் விலையை ஒன்றரை நூற்றாண்டாகப் பிறரே தீர்மானித்து வந்துள்ளனர். அவர்தம் நாட்சம்பளமும் அவ்வாறே பிறர் கூடிய மேசைகளில் நிர்ணயிக்கப்படுகின்றது. அச்சம்பளத்தைச் செலவிடும் இடத்திலேனும் பெறுமதி காணும் உரிமை அவர்தம் பிள்ளைகளிடத்தே உள்ளது. பெட்டியின் மேலுள்ள பெயருக்கு அவ்வுரிமையை ஒப்புவித்துவிடாதிருத்தல் கற்றவரின் கடனாகும்.